நாற்பதாயிரம் நாற்காலி

ஆகஸ்ட் 12

பூட்டு அண்ணனுக்கு,

நானும் உங்க கொழுந்தியாளும் சௌக்கியம். வெயிலுக்குத்தான் இங்க உடம்பு சரியில்ல, அனலா கொதிக்குது. நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கீங்க?

நம்ம வீட்டு அக்காளும் தங்கச்சியும் தினம் போன்ல பேசிக்கிறாங்க. நாம பேசினா ரெண்டாவது நிமிஷம் சண்டை, மூணாவது நிமிஷம் யாராவது ஒருத்தர் போனை வெச்சிடுறோம். அதான் கடிதம். இதுல நீங்க குறுக்கே பேச முடியாது பாருங்க.

சேதி கேட்டிருப்பீங்க. உங்க ஊர் ஃபுட்பால் டீமுக்குப் பன்னிரண்டு வருஷம் ஆடின, நாம கொக்குன்னு கூப்பிடுற ஆளு இந்த சீசன் எங்க கிளப்புக்கு வந்துட்டார். காலையில நான் புல்லுக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருக்கேன், அந்த நீளக் காலோட பக்கத்துல வந்து நிக்கிறார். ஷூவைக் கழட்டிட்டு, வெறுங்காலோட மைதானத்தை ஒரு சுத்து வந்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அண்ணே, அது நான் வளர்த்த புல்.

புல்லுக்கு அடியில குழாய், குழாயில குளிர்ந்த தண்ணி ஓடுது. நாம மில்லுக்குப் பின்னாடி ஆடின மைதானம் பாதி புல்லு, பாதி சரளைக்கல்லு. சரளைப் பக்கக் கோல்ல நீங்க பாய்ஞ்சா முழங்கை ஒரு வாரத்துக்குச் சட்டையோட ஒட்டிக்கும். அதை நினைச்சுக்கிட்டேதான் இந்தப் புல்லை வெட்டுறேன்.

பத்து வருஷம். எழுதி வெச்சுக்கோங்க. உங்க ஐரோப்பாவுக்குச் சரிசமமா ஆசியாவுல ஒரு லீக் நிக்கும், அது எங்க லீக்கா இருக்கும். எங்க ஸ்டேடியத்துல நாற்பதாயிரம் நாற்காலி. முதல் ஆட்டம் அடுத்த வாரம்.

அண்ணிக்கு என் வணக்கம்.

உங்க சகலை
நத்தை

செப்டம்பர் 2

நத்தைக்கு,

உடம்பைப் பத்திக் கேட்டிருந்தே. இரும்பு. உங்க அண்ணிக்கு மட்டும் முட்டி வலி. மாடி ஏறும்போது என்னைத் திட்டிக்கிட்டே ஏறுறா, அப்போ வலி தெரியலையாம். உங்க ரெண்டு பேர் உடம்பையும் பார்த்துக்கோ.

ஒரு விஷயம். பஸ் ஓட்டுறதை விட்டாச்சு. இருபத்திரண்டு வருஷம் போதும். இப்போ டிப்போவுலயே உட்கார்ந்த வேலை. ஜனங்க பஸ்ஸுல விட்டுட்டுப் போன குடை, கையுறை, ஒரு தடவை ஒரு பல்செட்டு, இதையெல்லாம் வெச்சிருந்து தேடி வர்றவங்க கையில கொடுக்கணும். பதவி உயர்வுன்னு வெச்சுக்கோயேன்.

கொக்கு விஷயம் கேட்டேன். கொக்கைக் காசு கொடுத்து வாங்கிடலாம்டா. குளத்தை வாங்க முடியுமா?

போன சனிக்கிழமை ஆட்டத்துக்கு நீ இருந்திருக்கணும். மழைன்னா அப்படி ஒரு மழை. கிழக்கு ஸ்டாண்டோட தகரக் கூரையில தடதடன்னு அடிக்குது, கீழ நாங்க தொண்டை கிழியக் கத்துறோம். எண்பத்தெட்டாவது நிமிஷம் வரைக்கும் ஒன்னுக்கு ஒன்னு. அப்போ கார்னர். எங்க நடு டிஃபெண்டர் எதிராளி ரெண்டு பேர் தலைக்கு மேல எழும்பி நெத்தியால வெச்சான் பாரு, வலை கிழியாதது அதிசயம். பக்கத்துச் சீட்டு கசாப்புக்கடைக்காரர் என்னை அலாக்காத் தூக்கிட்டார். இருபது வருஷமா பக்கத்துல உட்கார்றோம், அவர் பேரு எனக்குத் தெரியாது, என் பேரு அவருக்கு வாயில வராது. அவர் அப்பா உட்கார்ந்த சீட்டு அது. தாத்தா அதே இடத்துல நின்னுக்கிட்டுப் பார்த்தவர். இதெல்லாம் குழாயில வருமா?

மில் டீம்ல நான் கோலைப் பூட்டி வெச்ச பத்து வருஷமும் என் இடது பக்கத்தைக் காத்தவன் நீ. காத்த லட்சணத்துக்குத்தான் நத்தைன்னு பேரு வந்துச்சு. நீ என்கிட்ட ஃபுட்பாலைப் பத்திப் பேசுறே.

சின்னவளுக்கு ஆசீர்வாதம்.

பூட்டு

செப்டம்பர் 28

பூட்டு அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். அண்ணி முட்டிக்குத் தைலம் அனுப்புறேன். உங்களைத் திட்டுறதை நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க.

ஆமா, உங்க எழுத்துக்கு என்ன ஆச்சு? ஒவ்வொரு எழுத்தும் நெல்லிக்காய் பருமன் இருக்கு. ஒரு பக்கத்துக்கு எட்டு வரி, அதுலயும் நாலாவது வரி மூணாவது வரி முதுகுல ஏறிக்கிட்டுப் போகுது. பஸ்ஸை விட்டுட்டேன்னீங்க, ஓடுற பஸ்ஸுல உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கு.

எங்க முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் சொல்லி மாளாது. கொக்கு பந்தைத் தொட்டாலே ஆரவாரம். புல்லு ஒரு இடத்துல கூடப் பெயரல.

குளத்தைப் பத்திச் சொன்னீங்க. உங்க கிளப்பை ஆரம்பிச்சவங்க ரயில்பெட்டிக்கு ஆணி அடிச்ச தொழிலாளிங்கன்னு நீங்கதான் எனக்குச் சொன்னீங்க. அவங்க முதல் ஆட்டத்துக்கு எத்தனை பேர் வந்திருப்பாங்க? அன்னைக்கு யாருக்காவது தாத்தா சீட்டு இருந்துச்சா? குளமும் ஒரு நாள் யாரோ வெட்டினதுதான் அண்ணே.

நேர்ல வந்து பாருங்களேன். ஸ்டேடியத்துக்கு அடுத்த தெருவுலதான் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ். ரெண்டு அறை. ஒன்னு உங்களுக்கு.

நத்தை

அக்டோபர் 22

நத்தைக்கு,

நலம். தைலம் வந்துச்சு. இங்க குளிர் ஆரம்பிச்சாச்சு, விரல் விறைச்சுப் போகுது, அதான் எழுத்து அப்படி. படிக்க முடியுதா இல்லையா? முடியுதுல்ல, அப்புறம் என்ன.

இப்போ அறையில உட்கார்ந்து இருக்கேனா, பழசெல்லாம் வந்து வந்து போகுது. மில் கோப்பை ஃபைனல். நீ அவங்க விங்கர் சட்டையைப் பிடிச்சு இழுத்தே. நம்ம மாமனார், அன்னைக்கு அவர் மாமனார் இல்ல, வெறும் ரெஃப்ரி, விசிலை ஊதிட்டார். பெனால்ட்டி. நான் வலது பக்கம் பாய்ஞ்சேன். எல்லாரும் கையால பிடிப்பாங்க, நான் மூக்கால பிடிச்சேன். மூக்கு உடைஞ்சு ரத்தம். ரெஃப்ரியோட பெரிய பொண்ணு ஓடி வந்து கைக்குட்டை கொடுத்தா. அதை இன்னும் திருப்பிக் கேட்டுக்கிட்டு இருக்கா. அடுத்த வருஷம் நீ சின்னவளைக் கட்டிக்கிட்டே. ஒரு பெனால்ட்டி, ரெண்டு கல்யாணம். உங்க லீக்குல எந்தக் கொக்காவது இப்படி ஆடுமா?

அன்னைக்கு அந்தப் பெனால்ட்டியை அடிச்சவன் உதைக்கிறதுக்கு முன்னாடி இடது காலை எப்படி ஊன்றினான், சாக்ஸ் எப்படிச் சரிஞ்சு கிடந்துச்சு, எல்லாம் அப்படியே தெரியுது.

அங்க வர்றதுக்கு லீவு கிடைக்காது. அடுத்த வருஷம் பார்ப்போம்.

பூட்டு

நவம்பர் 10

பூட்டு அண்ணனுக்கு,

இங்க சுகம். குளிருக்கு உங்க கொழுந்தியா ஸ்வெட்டர் பின்னுறா. அளவு பழைய ஞாபகத்துல எடுத்தது, தொப்பை இருந்தா இழுத்து விட்டுக்கோங்க.

நேத்து பயிற்சி முடிஞ்சு கொக்கு மைதான ஓரத்துல முட்டிக்கு ஐஸ் வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் பாஷை பாதி, அவருக்கு என் பாஷை சுத்தமாத் தெரியாது. மிச்சத்துக்குக் கை இருக்கு. உங்க கடிதத்துல இருந்த தகரக் கூரையை, மழையை, கார்னரைச் சொன்னேன். சிரிச்சார். அப்புறம் ஐஸைக் கீழ வெச்சார்.

"அந்தக் கூரையைப் பிரிச்சு ஆறு வருஷம் ஆச்சு. இப்போ கண்ணாடிக் கூரை. மழை பெய்யுறதே தெரியாது"ன்னார்.

அந்தக் கார்னரை உதைச்சது அவர்தானாம். முதல் சீசன்லயாம்.

அண்ணே, எந்தச் சனிக்கிழமை ஆட்டத்தை எனக்கு எழுதினீங்க? வாதத்துல ஜெயிக்கப் பழைய ஆட்டத்தைப் புதுசுன்னு தள்ளிவிட்டீங்களா? இது அழுகுணி ஆட்டம். மாமா இருந்தா விசில் ஊதியிருப்பார்.

பதில் போடுங்க.

நத்தை

டிசம்பர் 18

பூட்டு அண்ணனுக்கு,

அஞ்சு வாரமாப் பதில் இல்ல. உடம்புக்கு ஒன்னும் இல்லையே? அண்ணிகிட்ட இவ போன்ல கேட்டா, "நல்லா இருக்கார், தூங்குறார்"னு சொல்லி வெச்சிடுறாங்களாம். எப்போ கேட்டாலும் ஒரு மனுஷன் தூங்குவானா?

கூரை விஷயத்துல நான் கிண்டல் பண்ணினது உங்களுக்குச் சுருக்குன்னு பட்டிருந்தா மன்னிச்சிடுங்க. அழுகுணி ஆட்டம்னு உங்களைச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. ஏன்னு சொல்றேன்.

முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் வரல. அன்னைக்கும் வரல, இன்னைக்கும் வரல. நாற்பதாயிரம் நாற்காலியில எழுநூறு பேர் இருந்தா அதிகம். அதுல பாதி, ஆபீஸ்காரங்க பஸ் வெச்சுக் கூட்டிட்டு வர்றவங்க. வாசல்லயே ஆளுக்கு ஒரு கொடி கொடுத்துடுவாங்க. எப்போ ஆட்டணும்னு சொல்ல ஒருத்தர் நிப்பார். டிவி காமிரா இருக்கிற பக்கத்துக்கு எதிர்ல மட்டும் உட்கார வைப்பாங்க. கொக்கு பந்தைத் தொட்டா ஆரவாரம்னு எழுதினேனே, அது ஒலிபெருக்கியில போடுற சத்தம். ரெண்டு மாசம் முன்னாடி அதையும் நிறுத்திட்டாங்க. எதிராளி கோல் போட்டப்ப மாத்திப் போட்டுட்டாங்க.

ஆட்டம் முடிஞ்சதும் நான் மண்வெட்டியோட உள்ள போய்ப் பெயர்ந்த புல்லைச் சரி பண்ணுவேன். சுத்தி நாற்பதாயிரம் காலி நாற்காலி என்னைப் பார்த்துக்கிட்டு இருக்கும். அப்போ மில் மைதானத்துல வேலி மேல ஏறி உட்கார்ந்து நம்மளைத் திட்டின ஜனங்களை நினைச்சுக்குவேன். எவ்வளவு அசிங்கமாத் திட்டினாங்க! எவ்வளவு நல்லா இருந்துச்சு!

இதை உங்களைத் தவிர யார்கிட்டயும் சொல்லல.

நத்தை

ஜனவரி 5

தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன், முட்டியும் பரவாயில்ல. நான் எழுதுறது அவருக்குத் தெரியாது. தங்கச்சிகிட்ட போன்ல சொல்லலாம்னா, அவ அழ ஆரம்பிச்சா நானும் அழுவேன். அதான் உங்களுக்கு எழுதுறேன்.

அவருக்குக் கண்ணு போயிட்டு இருக்கு. கண்ணுல அழுத்தமாம். முதல்ல ஓரம் தெரியாமப் போச்சு. பக்கத்துல வர்ற சைக்கிள் தெரியல, ஆள் தெரியல. பரிசோதனையில பஸ் ஓட்டுற உரிமத்தை வாங்கி வெச்சுக்கிட்டாங்க. பதவி உயர்வுன்னு உங்களுக்கு எழுதியிருப்பாரே. இப்போ ஒரு குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி நடுவுல மட்டும் கொஞ்சம் தெரியுது, அதுவும் மங்கலா. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்தப் பார்ப்போம்னு டாக்டர் சொல்றார்.

போன வசந்தம் வரைக்கும் ஸ்டேடியத்துக்குப் போய்க்கிட்டுதான் இருந்தார். பந்து தெரியாது. காதால பிடிச்சுக்கலாம்னா, அறுபதாயிரம் பேர் ஒரே நேரத்துல கத்தினா என்ன கேக்கும்? ஒரு நாள் எதிராளி போட்ட கோலுக்கு இவர் எழுந்து கை தட்டிட்டாராம். பக்கத்துல இருந்த கசாப்புக்கடைக்காரர் இவரை மெதுவா உட்கார வெச்சாராம். அதோட போறதை நிறுத்திட்டார். சனிக்கிழமைன்னா கோட்டை மாட்டிக்கிட்டு ஜன்னல்கிட்ட உட்கார்ந்துடுவார். பழைய ஆட்டத்தை நிமிஷம் நிமிஷமா என்கிட்ட சொல்வார். ஐரோப்பா, ஆசியான்னு உங்ககூட மல்லுக்கட்டுறப்பதான் பழைய மனுஷனாத் தெரிஞ்சார்.

உங்க கடைசிக் கடிதத்தை நான்தான் படிச்சுக் காட்டினேன். எழுநூறு பேர்னு வந்ததும் சிரிச்சார். அப்புறம், "நத்தை பாவம்டி, தனியா நிக்கிறான்"ன்னார்.

ஏதாவது பண்ணுங்க தம்பி.

அண்ணி

ஜனவரி 19

பூட்டு அண்ணனுக்கு,

நலம். நீங்களும் நலமாத்தான் இருப்பீங்க, இரும்பாச்சே.

பிப்ரவரி பத்தாம் தேதிக்கு உங்களுக்கும் அண்ணிக்கும் டிக்கெட் எடுத்துட்டேன். லீவு கிடைக்காதுன்னு எழுத வேண்டாம், டிப்போவுல கேட்டாச்சு. மாட்டேன்னு சொன்னீங்கன்னா, எங்க லீக்கைப் பார்க்கப் பயந்துட்டீங்கன்னு எடுத்துக்குவேன்.

இந்த ஊர்ல என்கூட உட்கார்ந்து ரெஃப்ரியைத் திட்ட ஒரு ஆள் இல்ல. எழுநூத்தி ரெண்டு ஆக்குங்க.

நத்தை

மார்ச் 2

நத்தைக்கு,

சுகமா வந்து சேர்ந்தோம். இதை நான் சொல்லச் சொல்ல உங்க அண்ணி எழுதுறா. இனிமே அப்படித்தான். எழுத்து அழகா இருக்குன்னு அவளைப் புகழ வேண்டாம், ஏற்கெனவே தாங்கல.

விமான நிலையத்துல நீ என் கையைப் பிடிக்கல. உன் தோளை மட்டும் என் தோளுக்குப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டு நடந்தே. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இவ எழுதிட்டாள்னு. (எழுதினேன். தப்பா?)

அந்த ஆட்டத்தை நான் சொல்றேன், நீ கேளு. மைதான ஓரத்துல, புல்லு வெட்டுற மெஷினுக்குப் பக்கத்துல மூணு நாற்காலி போட்டே. விசில் ஊதினதும், "பந்து நம்ம ஆளுகிட்ட இருக்கு அண்ணே, இப்போ நடுவுல வருது அண்ணே"ன்னு ரேடியோ மாதிரி ஆரம்பிச்சே.

"கொஞ்சம் வாயை மூடு"ன்னேன்.

"ஏன் அண்ணே?"

"எனக்குக் கேக்குதுடா."

கேட்டுச்சு. பந்து காலுல படுற சத்தம். நல்லாப் பட்டா ஒரு மாதிரி, பிசகினா வேற மாதிரி. கோல்கீப்பர் கத்துறான், என்ன பாஷையோ, ஆனா "ஏறு", "திரும்பு", "எனக்கு விடு", இதெல்லாம் எந்த பாஷையில கத்தினாலும் எனக்குப் புரியும். பத்து வருஷம் கத்தினவன் நான். கொக்கு ஓடுறது தனியாக் கேட்டுச்சு. வலது கால் அழுத்தமா விழுது, இடது கால் லேசா. அந்த முட்டி நல்லா இல்ல. அவனைப் பார்த்துக்கச் சொல்லு.

அறுபதாயிரம் பேர் நடுவுல எனக்கு ஆட்டமே இல்லாமப் போச்சு. உங்க காலி நாற்காலிங்களுக்கு நடுவுல ஒரு பந்து உருளுறதைக் கேட்டேன். நீ பல்லைக் கடிச்சுக்கிட்டு எழுதினியே கூட்டம் இல்லைன்னு, அதுக்கு நான் கும்பிடு போடணும்.

இரண்டாம் பாதியில எதிராளி விங்கர் நம்ம இடது பக்கம் பறக்குறான். ஒரு ஜோடி காலுதான் கேக்குது. கூட ஓட வேண்டிய கால் கேக்கல. எனக்கு எங்க இருக்கோம்னே மறந்துபோச்சு. எழுந்து நின்னு, "டேய் நத்தை! பின்னாடி பார்றா!"ன்னு கத்திட்டேன். நீ பக்கத்துல இருந்து, "பார்க்கிறேன் அண்ணே"ன்னே. அந்த இடது பக்கத்தைக் காக்குற லெஃப்ட் பேக் திடுக்குன்னு திரும்பி ஓடிப்போய்ப் பந்தை வெளிய தட்டிட்டான்னு அப்புறம் சொன்னே. நிஜமா, இல்ல எனக்காகச் சொன்னியா? (நிஜம்தான். நானும் பார்த்தேன்.)

ஒன்னுக்கு ஒன்னு. நல்ல ஆட்டம் இல்ல. ஆனா நான் முழுசாப் பார்த்த ஆட்டம்.

சின்னவ பின்னின ஸ்வெட்டர் கச்சிதமா இருக்குன்னு சொல்லு. இறுக்கமாத்தான் இருக்கு.

பூட்டு

மார்ச் 24

பூட்டு அண்ணனுக்கு,

நாங்க சுகம். நீங்க போனதும் வீடு வெறிச்சுன்னு இருக்கு. அண்ணி சொட்டு மருந்து நேரம் தவறாம விடுறாங்களா?

லெஃப்ட் பேக் என்கிட்ட வந்து, "அன்னைக்குக் கத்தினவர் எங்க"ன்னு கேட்டான். ஊருக்குப் போயிட்டார்னேன். "நத்தைங்கிற அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்"னான். சொல்லல. தலைவனேன்னு அர்த்தம்னு சொல்லி வெச்சிருக்கேன்.

கொக்கு முட்டியில ஆபரேஷன். இந்த சீசன் அவ்வளவுதான். நீங்க காதுல கண்டுபிடிச்சதை டாக்டர் ஒரு மாசம் கழிச்சுப் படம் எடுத்துப் பார்த்தார். அவர் சரியா ஓட முடியாம அஞ்சு ஆட்டம் தொடர்ந்து தோத்துட்டோம். ஏப்ரல் ஒன்பதாம் தேதி கடைசி ஆட்டம். அதுலயும் தோத்தா ரெண்டாம் டிவிஷனுக்கு இறங்கிடுவோம். இறங்கினா முதலாளி கிளப்பை வெச்சிருப்பாரா, ஸ்டேடியத்தை என்ன பண்ணுவார்னு கேட்டா ஆபீஸ்ல ஆளாளுக்குக் கூரையைப் பார்க்கிறாங்க. நான் புல்லுக்குத் தண்ணி விட்டுக்கிட்டுதான் இருக்கேன். அதுக்கு டிவிஷன் தெரியாது.

நம்ம வாதத்துல நான் தோத்தேன்னு வெச்சுக்கோங்க. பத்து வருஷம்னு சவால் விட்டேன். ஒரு வருஷம் தாங்கல.

நத்தை

ஏப்ரல் 14

நத்தைக்கு,

எங்களுக்கு உடம்பு சுகம். சொட்டு மருந்து ஒரு நாளைக்கு மூணு தடவை விடுறா, மூணு தடவையும் கன்னத்துல வழிய விட்டுட்டு நான் ஆடினதாச் சொல்றா. (ஆடினார்.) நீங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க? சமாளிக்கிறோம்னு எழுதாதே, உள்ளதை எழுது. வேலை என்ன ஆகும்னு தெரிஞ்சுதா? எதுவானாலும் இங்க ஒரு அறை காலியாத்தான் இருக்கு.

வாதம் முடிஞ்சுபோச்சுன்னு நீயா முடிவு கட்டாதே. உங்க லீக் ஐரோப்பாவுக்குச் சமமா வருமான்னு கேட்டா, வராதுன்னுதான் இன்னும் சொல்லுவேன். என் காலத்துல வராது. உன் காலத்துலயும் சந்தேகம்தான். ஆனா ஒன்பதாம் தேதி நடந்ததைச் சொல்லியாகணும்.

பேத்தி வயசுப் பொண்ணு ஒருத்தி டிப்போவுல வேலை செய்யுறா. என் போனை வாயால பேச வெச்சுக் கொடுத்தா. நான் கேட்டா அது ஸ்கோர் சொல்லும். அன்னைக்கு இங்க எங்க டீமுக்கும் ஆட்டம். ரெண்டு ஸ்கோரையும் கேட்டேன். எங்க டீம் நாலுக்கு ஒன்னு, ஜெயிச்சுட்டாங்க. தெருவுல காரெல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டுப் போச்சு. அடுத்தது உங்க ஸ்கோர். ரெண்டுக்கு ஒன்னு, தோல்வி. ரெண்டாவது கோல் தொண்ணூத்தி ரெண்டாவது நிமிஷம்னு சொல்லுச்சு அந்தப் போனு, பெட்டிக்கடைக்காரன் விலை சொல்ற மாதிரி. எனக்கு அந்தக் கோல்கீப்பர் குரல் காதுல வந்துச்சு. "எனக்கு விடு, எனக்கு விடு"ன்னு கத்தியிருப்பான். யாரும் விட்டிருக்க மாட்டாங்க.

உங்க அண்ணி தட்டு வெச்சா. கை போகல. உட்கார்ந்தே இருக்கேன். வெளிய ஹாரன்.

"என்ன, ஜெயிச்சுட்டாங்கன்னு சத்தம் போடுறாங்க, நீங்க இப்படி உட்கார்ந்திருக்கீங்க?"ன்னா.

"நம்ம ஆளுங்க தோத்துட்டாங்கடி"ன்னேன்.

"எந்த நம்ம ஆளுங்க?"

சொன்னேன். தட்டை எடுத்து மூடி வெச்சுட்டு, எதிர்ல வந்து உட்கார்ந்துக்கிட்டா. (அன்னைக்கு நானும் சாப்பிடல.)

பூட்டு